அயர்லாந்துக் குறிப்புகள்: சிலை வைத்தவர்களும் பேசாமல் விட்டவர்களும்

ஞாயிறு, டப்ளின்

ஓ'கானல் தெருவின் நடுவில் 120 மீட்டர் உயரத்துக்கு ஓர் எஃகு ஊசி நிற்கிறது. பெயர் ஸ்பையர். இதை எதற்காக வைத்தார்கள் என்று கேட்டால் உள்ளூர்க்காரர்களே உதட்டைப் பிதுக்குகிறார்கள். முன்பு இதே இடத்தில் பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி நெல்சனின் தூண் இருந்தது. 1966 மார்ச்சில் ஒரு நள்ளிரவில் குடியரசுவாதிகள் குண்டு வைத்து மேல்பாதியைத் தகர்த்தார்கள். மீதியை ராணுவமே வந்து இடித்துத் தள்ளியது.

இரண்டு எட்டு வைத்தால் ஜி.பி.ஓ. எனப்படும் தலைமைத் தபால் நிலையம். இன்னமும் அங்கே ஸ்டாம்ப் விற்கிறார்கள், பார்சல் வாங்கிக்கொள்கிறார்கள். வாசல் தூண்களில் துப்பாக்கி ரவை பட்ட பள்ளங்களில் விரலை வைத்துப் பார்த்தேன். ஒன்றில் கட்டைவிரல் முழுசாக உள்ளே போயிற்று. 1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள்கிழமை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஆயுத எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் இந்த வாசலில் நின்று அயர்லாந்து குடியரசுப் பிரகடனத்தை வாசித்தார். கூட்டம் பெரிதாக ஒன்றும் இல்லை, கேட்டவர்களுக்கும் ஆர்வம் இல்லை. ஆறு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது. நகர மையம் இடிபாடாகிக் கிடக்க, செத்தவர்கள் ஏறத்தாழ 485 பேர். அதில் பாதிக்கு மேல் சண்டையோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத பொதுமக்கள். கைதாகிப் போனவர்களைப் பார்த்துத் தெருவில் நின்றவர்கள் திட்டினார்கள் என்பதையும் இங்கே மறைக்காமல் சொல்கிறார்கள். மனம் மாறியது அதற்குப் பிறகு, சிறைக்குள் நடந்ததைக் கேள்விப்பட்ட பிறகு. அந்தச் சிறைக்கு நாளை.

பிரகடனம் ஆண்களையும் பெண்களையும் சேர்த்தே விளித்துத் தொடங்குகிறது. எல்லோருக்கும் சம உரிமை, வாக்குரிமை என்று வாக்களிக்கிறது. 1916-க்கு அது சாதாரண விஷயமில்லை. அதற்குப் பின்னால் ஒரு பெண்கள் போராட்டம் இருந்தது. அதில் ஒருவர் மார்கரெட் கசின்ஸ். 1913-இல் டப்ளின் கோட்டையின் ஜன்னல்களைக் கல்லால் உடைத்து ஜெயிலுக்குப் போனவர். 1915-இல் கணவரோடு கப்பலேறி நம் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்து, 1917-இல் அடையாற்றில் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரானார். அவரைத் தெரியுமா என்று அக்கா மகனிடம் கேட்டேன். இங்கே ஐ.டி.யில் வேலை பார்க்கிறான், தங்கியிருப்பது அவன் வீட்டில்தான். "மாமா, எனக்கு இந்த ஊர்ல வாடகையைத் தவிர எதுவும் தெரியாது" என்றான். டப்ளின் வாடகையைக் கேட்டபிறகு அவனைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

திங்கள், கில்மெய்னம் சிறை

முன்பதிவு இல்லாமல் போனால் வாசலோடு திரும்ப வேண்டியதுதான். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுகிறார்கள்.

1796-இல் திறந்த சிறை. பழைய பகுதியின் அறைகளில் சுண்ணாம்புக் கல் ஈரம் கசிந்துகொண்டே இருக்கிறது. 1840-களின் பஞ்ச காலத்தில் இங்கே ஆட்கள் பிதுங்கி வழிந்தார்களாம். பிச்சையெடுத்தாலே சிறை என்று சட்டம். வெளியே பட்டினி, உள்ளே கொஞ்சமாவது சோறு என்பதால் வேண்டுமென்றே திருடிப் பிடிபட்டவர்களும் உண்டு.

கல் உடைக்கும் முற்றம் கடைசியில் வருகிறது. உயரமான மதில், தரையில் சரளை, இரண்டு சிலுவைகள். 1916 மே 3 முதல் 12 வரை எழுச்சியில் பிடிபட்ட 14 பேரை இங்கே சுட்டார்கள். 13 பேர் ஒரு கோடியில். ஜேம்ஸ் கானலி மட்டும் எதிர்க்கோடியில், வாசல் கதவையொட்டி. சண்டையில் கால் சிதைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவரை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தார்கள். முற்றத்தின் மறுகோடிவரை தூக்கிப் போக முடியாததால் கதவருகிலேயே நாற்காலியில் உட்காரவைத்துச் சுட்டார்கள். எழுச்சியைத் திட்டிய டப்ளின், இந்தச் செய்திகள் ஒவ்வொன்றாக வெளியே வர வர மாறியது. ஒரேயடியாகச் செய்யாமல் பத்து நாள் இழுத்து இழுத்துச் சுட்டது பிரிட்டிஷார் செய்த பெரிய மடத்தனம் என்பது என் கட்சி.

சுடப்பட்டவர்களில் ஜோசப் பிளங்கெட்டுக்கு, விடிந்தால் மரணம் என்ற இரவில் சிறைக் கோயிலில் கல்யாணம் நடந்தது. மணப்பெண் கிரேஸ் கிஃபர்ட், ஓவியர். கல்யாணத்துக்குப் பிறகு பேசிக்கொள்ள அவர்களுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம், அதுவும் காவலர்கள் சூழ நிற்க. இந்தக் கதையில் எல்லோரும் உருகுகிறார்கள், பக்கத்தில் நின்ற அமெரிக்கப் பாட்டி மூக்கைச் சிந்தினார். ஆனால் எனக்குப் பெரிதாகப் பட்டது இதன் இரண்டாம் பாகம். 1923-இல் அதே கிரேஸ் இதே சிறையில் கைதியாக அடைக்கப்பட்டார். இம்முறை அடைத்தது சுதந்திர அயர்லாந்து அரசு. தன் அறைச் சுவரில் அவர் வரைந்த மேரி மாதாவும் குழந்தையும் கதவு ஓட்டை வழியே தெரிகிறது.

1921 டிசம்பர் 6 அன்று பிரிட்டனோடு போட்ட ஒப்பந்தம் முழுக் குடியரசைத் தரவில்லை, வடக்கே ஆறு மாவட்டங்களும் (இன்றைய வட அயர்லாந்து) பிரிட்டனிடமே தங்கிவிட்டன. நாடாளுமன்றத்தில் 64-க்கு 57 என்று நூலிழையில் நிறைவேறியது. ஏற்றவர்களும் மறுத்தவர்களும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மைக்கேல் காலின்ஸ் 1922 ஆகஸ்ட் 22-இல் சொந்த மாவட்டமான கார்க்கிலேயே பதுங்கித் தாக்கியவர்களால் கொல்லப்பட்டார். அந்த நவம்பரில் புதிய அரசு தன் எதிரிகளைச் சுட ஆரம்பித்தபோது, முதல் நான்கு பேரைச் சுட்டது இந்தச் சிறையில்தான். 14 பேருக்குக் கிடைத்த புகழில் நாலில் ஒரு பங்குகூட இந்த நாலு பேருக்கு இல்லை.

1924-இல் மூடிய சிறை அப்படியே பாழடைந்து கிடந்தது. 1960 வாக்கில் தன்னார்வலர்கள் கூடிச் சம்பளமில்லாமல் சீரமைத்தார்கள். இரண்டு தரப்புக் குடும்பங்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டுமே? அதற்காக 1921-க்குப் பிறகு நடந்த எதையும் இங்கே பேசுவதில்லை என்று தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். உள்நாட்டுப் போரைப் பேசாமல் இருந்ததால்தான் இந்தக் கட்டடம் பிழைத்தது என்றே சொல்லலாம்.

அந்தச் சண்டையில் பிறந்த இரண்டு கட்சிகளான ஃபியனா ஃபாயிலும் ஃபினா கேலும்தான் அதன்பின் மாறி மாறி ஆண்டன. கொள்கையில் பெரிய வித்தியாசம் கிடையாது. தாத்தா எந்தப் பக்கம் நின்றாரோ பேரன் அந்தப் பக்கம் ஓட்டுப் போட்டான். முதன்முதலாகச் சேர்ந்து ஆட்சி அமைத்தது 2020-இல்தான். வடக்கும் தெற்கும் ஒரே நாடாக வேண்டும் என்னும் ஷின் ஃபெய்ன் கட்சி வளர்ந்துவிட்ட பயம் இல்லையென்றால் அதுவும் நடந்திருக்காது.

செவ்வாய், ஸ்ட்ரோக்ஸ்டவுன்

ராஸ்காமன் மாவட்டத்துச் சின்ன ஊர். அகலமான ஒற்றைத் தெரு, அதன் முடிவில் ஜமீன் மாளிகை. பக்கத்தில் லாரி, வண்டி வியாபாரம் செய்த உள்ளூர்க்காரர் ஒருவர் 1979-இல் இடத்துக்காக இதை வாங்கினார். உள்ளே கட்டுக்கட்டாகப் பழைய காகிதங்கள். அதில் ஒன்று 1846-இல் குளூனஹி கிராமத்துக் குடியானவர்கள் எழுதிய மனு. பிள்ளைகள் பசியில் அழுவதைக் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை, வேலையாவது கொடுங்கள் என்று கெஞ்சுகிற மனு. அதைப் படித்தவர் இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்த மனமில்லாமல் பஞ்ச அருங்காட்சியகமாக்கிவிட்டார். 1994 முதல் நடக்கிறது.

1845-இல் உருளைக்கிழங்குச் செடியில் பூஞ்சை மாதிரி ஒரு கிருமி விழுந்தது. மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்கு கிட்டத்தட்ட கிழங்கை மட்டுமே தின்று உயிர்வாழ்ந்த நாடு. தானியம் விளையாமல் இல்லை. அது நிலக் குத்தகைக்கும் ஏற்றுமதிக்கும். ஓட்ஸும் வெண்ணெயும் கால்நடைகளும் துறைமுகம் வழியாக இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. 1847-இல் நிவாரணச் சட்டத்தில் ஒரு விதியைச் சொருகினார்கள்: கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருந்தால் உதவி கிடையாது. சோறு வேண்டுமென்றால் நிலத்தை விடு. விட்டவன் மறுவருஷம் எதில் பயிரிடுவான்? பத்து லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேலானவர்கள் கப்பலேறினார்கள். 1841-இல் 82 லட்சமாக இருந்த தீவின் மக்கள்தொகை பத்தே வருஷத்தில் 65 லட்சமானது. இன்று வடக்கையும் தெற்கையும் கூட்டினாலும் 70 லட்சத்தைச் சற்றே தாண்டுகிறது. இத்தனை காலம் கழித்தும் பழைய எண்ணிக்கையைத் தொடாத நாடு ஐரோப்பாவில் வேறு எனக்குத் தெரிந்து இல்லை.

லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணச் செலவை இறுக்கிப் பிடித்தவர் சார்லஸ் ட்ரெவல்யன். அருங்காட்சியகத்தில் அவர் பெயர் வராத அறை குறைவு. பஞ்சம் ஓயும் முன்பே, 1848-இல் அவருக்கு சர் பட்டம் கொடுத்தார்கள். 1859-இல் அவர் எங்கே போனார் தெரியுமா? மெட்ராஸுக்கு, கவர்னராக. சென்ட்ரல் பக்கம் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் யோசனையில் உருவானதுதான். கல்கத்தா கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததற்காக மறுவருஷமே திரும்ப அழைக்கப்பட்டார். அதனால் மெட்ராஸில் நல்ல பெயர். ஒரே ஆளை அயர்லாந்துக்காரர்கள் இன்றும் சபிக்கிறார்கள், நாம் பூங்கா வைத்துக் கொடுத்தவர் என்கிறோம்.

இந்த மாளிகையின் ஜமீன்தார் டெனிஸ் மேஹன், தன் குடிகளை வைத்துச் சோறு போடுவதைவிடக் கப்பல் கூலி மலிவு என்று கணக்குப் போட்டார். 1847-இல் 1,490 பேர் இங்கிருந்து டப்ளினுக்கு நடத்தப்பட்டு, லிவர்பூல் வழியாகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். வழியிலேயே நிறையப் பேர் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார்கள். அந்த நவம்பரில் மேஹன் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் நடந்த 165 கிலோமீட்டர் இப்போது நடைபாதை. வழி நெடுக வெண்கலத்தில் குழந்தைச் செருப்புகள் வைத்திருக்கிறார்கள். கயிற்றால் சேர்த்துக் கட்டப்பட்ட நிலையில் ஒரு பாழ் வீட்டில் கிடைத்த ஜோடியின் வார்ப்பு. என் உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு.

புதன், டூவம்

"அங்க ஒண்ணும் இல்ல மாமா, வெறும் வேலிதான். மோஹர் பாறை பக்கம் போங்க" என்றான் அக்கா மகன் போனில். பாறையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

சொன்னது சரிதான், வேலிதான். சுற்றிலும் சாதாரணக் குடியிருப்பு வீடுகள், கார்கள். வேலிக்கு அந்தப் பக்கம், 1925 முதல் 1961 வரை கன்னியாஸ்திரீகள் நடத்திய தாய்-சேய் இல்லம் இருந்தது. கல்யாணமாகாமல் கர்ப்பமான பெண்களைக் கொண்டுவந்து விடும் இடம். பிள்ளை பெற்று ஒரு வருஷம் போல ஆனதும் அம்மா வெளியே, பிள்ளை உள்ளே. 1970-களில் விளையாடப் போன சிறுவர்கள் எலும்புகளைப் பார்த்தார்கள். பாதிரியார் வந்து ஜெபம் சொன்னதோடு சரி, யாரும் தோண்டிக் கேட்கவில்லை.

கேட்டவர் கேத்தரின் கார்லெஸ் என்ற உள்ளூர்ப் பெண்மணி. பேராசிரியர் இல்லை, பதவி ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் தன்னோடு படித்த அந்த இல்லத்துப் பிள்ளைகள் தனி வரிசையில் வந்து போனது மனசில் கிடந்தது என்பார். பதிவு அலுவலகத்தில் காசு கட்டி, அங்கே இறந்த குழந்தைகளின் சான்றிதழ்களை வாங்கிச் சேர்த்தார். 796 பெயர்கள். அந்தப் பெயர்களை ஊர் மயானப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அங்கே காணோம். 2017-இல் அரசு ஆணையம் தோண்டிப் பார்த்து, பழைய கழிவுநீர் அமைப்பையொட்டிய நிலத்தடி அறைகளில் சிசுக்களின் எலும்புகள் இருப்பதை உறுதி செய்தது. முழு அகழ்வு 2025-இல்தான் தொடங்கியது.

இங்கே மட்டுமில்லை. இப்படிப்பட்ட 18 இல்லங்களில் ஏறத்தாழ 9,000 குழந்தைகள் இறந்ததாக 2021 அறிக்கை சொல்கிறது. பெண்களைச் சம்பளமில்லாமல் துணி துவைக்கவைத்த மக்தலேனா சலவைக்கூடங்களில் கடைசியானது 1996 வரை இயங்கியது. இது எதையும் ஆங்கிலேயன் செய்யவில்லை. சம உரிமை என்று தபால் நிலைய வாசலில் படித்த பிரகடனத்தின் பேரில் வந்த அரசும், அது யார் கையில் அதிகாரத்தைக் கொடுத்ததோ அந்தக் கத்தோலிக்கத் திருச்சபையும், மகளைக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களும் சேர்ந்து செய்தது. அரசு வேலையில் இருந்த பெண் கல்யாணமானால் ராஜினாமா செய்ய வேண்டும் என்ற விதிகூட 1973 வரை இருந்தது.

மாலையில் கால்வேயில் இறங்கியபோது சவிதா ஹலப்பனவர் ஞாபகம் வராமல் இருக்குமா? பெல்காமிலிருந்து வந்த பல் டாக்டர். 2012 அக்டோபரில் இந்த ஊர் ஆஸ்பத்திரியில், கரு பிழைக்காது என்று தெரிந்தபிறகும் கருக்கலைப்பு மறுக்கப்பட்டு, ரத்தத்தில் கிருமி பரவி 31 வயதில் இறந்தார். 1983-இல் அரசியல் சட்டத்தில் சேர்த்த திருத்தம் டாக்டர்களின் கையைக் கட்டியிருந்தது. 2018 மே 25 அன்று 66.4 சதவீதம் பேர் வாக்களித்து அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள். அப்போது டப்ளினில் ஒரு சுவரில் சவிதாவின் முகத்தை வரைய, அதைச் சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் சீட்டு எழுதி ஒட்டினார்கள். மன்னித்துவிடு என்றுதான் நிறையச் சீட்டுகளில் இருந்தது.

வியாழன், வெள்ளி, டெர்ரி

கால்வேயிலிருந்து பஸ். ஸ்லைகோ, டோனகால் என்று மழையிலேயே நாள் போனது. எல்லை எப்போது வந்தது என்றே தெரியவில்லை. வேக வரம்புப் பலகையில் கிலோமீட்டர் போய் மைல் வந்ததும்தான் பிரிட்டனுக்குள் நுழைந்துவிட்டோம் என்று புரிந்தது. பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை. அதற்காக நம் ஆட்கள் விசா இல்லாமல் கிளம்பிவிடாதீர்கள். இரண்டு நாட்டுக்கும் செல்லும்படியான பிரிட்டிஷ்-ஐரிஷ் கூட்டு விசாத் திட்டத்தில் இந்தியர்கள் உண்டு. விசாவில் அந்தக் குறிப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய டெர்ரி ஒரு கோட்டை நகரம். 1619-இல் முடித்த மதில் மேல் சுற்றி நடக்கலாம். மேலே பீரங்கிகள், கீழே பள்ளத்தில் போக்சைடு, கத்தோலிக்கர்களின் குடியிருப்பு. யார் மேலே, யார் கீழே என்ற வரலாறு நின்ற இடத்திலேயே புரிகிறது. 1960-களில் இந்த ஊரில் பெரும்பான்மை கத்தோலிக்கர்கள், ஆனால் நகரசபை எப்போதும் பிரிட்டனோடு இருக்க விரும்பிய புராட்டஸ்டண்டுகள் கையில். தொகுதிகளை அப்படி வெட்டியிருந்தார்கள். உள்ளாட்சித் தேர்தலில் வீட்டுக்காரருக்குத்தான் ஓட்டு என்பதால், கத்தோலிக்கருக்கு வீடு ஒதுக்காமல் இருப்பதே ஓட்டைத் தடுக்கும் வழி.

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. விசாரணையில்லாச் சிறைக்கு எதிரான ஊர்வலத்தில் பிரிட்டிஷ் ராணுவத்தின் பாராசூட் ரெஜிமெண்ட் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தார்கள், ஒருவர் பிற்பாடு. விட்ஜரி விசாரணை சில வாரங்களிலேயே ராணுவத்தின் மேல் பெரிய தப்பில்லை என்று முடித்துவிட்டது. குடும்பங்கள் விடவில்லை. 1998-இல் தொடங்கிய சாவில் விசாரணை 12 வருஷம் நடந்து, கிட்டத்தட்ட 20 கோடி பவுண்டு செலவழித்து, 2010 ஜூன் 15 அன்று இறந்தவர்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றது. பிரதமர் கேமரன் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அதன்பிறகும் நீதிமன்றத்துக்கு வந்த ஒரே சிப்பாய் 2025 அக்டோபரில் விடுதலையானார். ஃப்ரீ டெர்ரி அருங்காட்சியகத்தில் வேலை செய்பவர்களில் இறந்தவர்களின் உறவினர்களும் இருக்கிறார்கள். அந்தத் தீர்ப்பைப் பற்றிக் கேட்கலாமா என்று ஒருவர் அருகே போய், கேட்காமலே வந்துவிட்டேன். அவர் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமொன்றுக்கு, குண்டு எந்தத் திசையிலிருந்து வந்தது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

ஊரே சுவரோவியம்தான். எனக்குப் பிடித்தது, 1971-இல் குண்டடிபட்டு இறந்த 14 வயது ஆனட் மக்காவிகனின் படம். பள்ளிச் சீருடையில் நிற்கிறாள், பக்கத்தில் ஒரு துப்பாக்கி, தலைக்கு மேல் பட்டாம்பூச்சி. முதலில் வரைந்தபோது பட்டாம்பூச்சிக்கு வெறும் கோடுதான், வண்ணம் இல்லை. சமாதானம் நிலைக்கிறது என்று நம்பிக்கை வந்தபிறகு, 2006-இல் ஓவியர்கள் ஏணி போட்டு ஏறி பூச்சிக்கு வண்ணம் அடித்துத் துப்பாக்கியை இரண்டாக உடைத்துவிட்டார்கள்.

சனி, பெல்ஃபாஸ்ட்

கறுப்பு டாக்ஸியில் சுற்றிக் காட்டுவது இங்கே ஒரு தொழில். ஓட்டுநர் ஐம்பது தாண்டியவர். எந்தப் பக்கத்துக்காரர் என்று சொல்லவில்லை, கடைசியில் கண்டுபிடியுங்கள் என்றார். ஃபால்ஸ் சாலையில் பாபி சாண்ட்ஸ் சிரிக்கும் சுவரோவியம். ஐ.ஆர்.ஏ. என்ற குடியரசுவாத ஆயுதக் குழுவைச் சேர்ந்தவர், சிறையில் உண்ணாவிரதம் இருந்தபடியே 1981 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வானவர். 66-ஆம் நாள், மே 5 அன்று இறந்தார். அவருக்குப் பின் இன்னும் ஒன்பது பேர். கத்தோலிக்கர் பகுதியையும் புராட்டஸ்டண்டு பகுதியையும் பிரிக்கும் உயர்ந்த சுவருக்கு அந்தப் பக்கம், ஷாங்கில் சாலையில் வேறு வீரர்கள், வேறு கொடி. இரண்டு பக்கத்தையும் அரைமணியில் பார்த்துவிட்டு, சுவரில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள் பயணிகள். 3,500-க்கும் மேற்பட்டவர்கள் செத்த சண்டை இது. நான் எழுதவில்லை.

ஒரு தெருமுனையில் பெயர்ப்பலகையைப் பார்த்துத் திடுக்கிட்டேன்: பம்பாய் தெரு. பக்கத்திலேயே காஷ்மீர் சாலை, லக்னோ தெரு, கான்பூர் தெரு. சாம்ராஜ்யம் கொழித்த காலத்தில் வைத்த பெயர்கள். 1969 ஆகஸ்டில் இந்தப் பம்பாய் தெருவைக் கும்பல் வந்து கொளுத்தியது. திரும்பக் கட்டிய வீடுகளின் பின்புறத்தை இரும்புக் கம்பிக் கூண்டு மூடியிருக்கிறது. மதிலுக்கு அப்பாலிருந்து விழும் கல்லும் பாட்டிலும் உள்ளே வராமல் இருக்க. கூண்டுக்குள் ஒரு பெண் சாவகாசமாகத் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

1998 ஏப்ரல் 10-இல், சண்டையை முடிவுக்குக் கொண்டுவந்த புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தானது. வடக்கில் 71 சதவீதம், தெற்கில் 94 சதவீதம் பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். ஆனால் சுவர்கள் போகவில்லை. ஷாங்கிலையும் ஃபால்ஸையும் இணைக்கும் பாதையில் இன்றும் இரவானால் இரும்புக் கதவைச் சாத்துகிறார்கள். இடித்துவிட்டால் என்ன என்று ஓட்டுநரிடம் கேட்டேன். "நீங்களும் நானும் தாராளமாகச் சொல்லலாம். இந்தக் கூண்டு வீட்டில் படுக்கிறவர்களிடம் போய்க் கேளுங்கள்" என்றார்.

2021 கணக்கெடுப்பில் முதன்முறையாகக் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் (45.7 சதவீதம்) புராட்டஸ்டண்டுகளை (43.5) முந்தினார்கள். கத்தோலிக்கர் தலையெடுக்கக் கூடாதென்றே கோடு போட்டுப் பிரித்த இந்தப் பகுதியில் 2024 பிப்ரவரி முதல் முதலமைச்சர் ஷின் ஃபெய்னின் மிஷல் ஓ'நீல். அப்போ இரண்டும் ஒன்றாகிவிடுமா? பெரும்பான்மை விரும்புவதாகத் தோன்றினால் பிரிட்டிஷ் அமைச்சர் வாக்கெடுப்பு வைக்க வேண்டும் என்று உடன்படிக்கை சொல்கிறது. தோன்றுவதை எப்படி அளப்பது என்று அதில் இல்லை. ஓட்டுநர் அதற்கு நேராகப் பதில் சொல்லவில்லை. மருத்துவமனையில் காத்திருக்கும் நேரம் எந்தப் பக்கம் குறைவோ அந்தப் பக்கம் தன் ஓட்டு என்றார். கடைசிவரை அவர் எந்தப் பக்கம் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை, அவரும் சொல்லவில்லை. காசைப் பவுண்டிலும் வாங்குவார், யூரோவிலும் வாங்குவார். யூரோவாகவே கொடுத்துவிட்டு டப்ளின் ரயிலைப் பிடித்தேன்.